ஆயில் மாற்ற மூவாயிரம் ராண்டா?

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். மதுரையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, சாட்ஸ்வொர்த்தில் மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். எந்த பில் கைக்கு வந்தாலும் அடியில் இருக்கும் மொத்தத் தொகையிலிருந்து மேல்நோக்கி வரி வரியாகப் படிப்பது தொழில் தந்த பழக்கம். மளிகைக் கடை பில்லில் இந்தப் பழக்கத்தால் பெரிதாக ஒன்றும் மிஞ்சியதில்லை. கார் சர்வீஸ் பில்லில் மிஞ்சியது.

என்னுடையது எட்டு வயதான சிறிய ஹேட்ச்பேக் கார். உத்தரவாதம், சர்வீஸ்களுக்கு முன்பணமாகவே கட்டிவிடும் சர்வீஸ் திட்டம் இரண்டுமே முடிந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் அதை ஏஜென்ட்ஸிடமே விட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி டீலரின் பட்டறையைத் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். "கார் ஏஜென்ட்ஸில் இருக்கிறது" என்று சொல்லும்போது, பிள்ளை தனியார் பள்ளியில் படிக்கிறான் என்று சொல்லும் அதே தொனி வந்துவிடும். என் குரலிலும் வந்திருக்கும். புதுக் கார் வாங்கியதும் கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தை நசுக்குவதில் தொடங்கும் பக்தி, ஏஜென்ட்ஸ் முத்திரையில் போய் நிற்கிறது.

அங்கே போட்ட ஒரு சிறிய சர்வீஸின் பில் இப்படி இருந்தது: என்ஜின் ஆயில், ஆயில் பில்டர், டிரெயின் போல்ட் வாஷர், கூலி, "இதர பொருட்கள்", "கழிவு அகற்றல்". எல்லாவற்றுக்கும் மேல் 15 சதவீத வாட். மொத்தம் 3,200 ராண்டுக்குச் சற்றுக் குறைவு. நடந்த வேலையோ பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றியது, ஒரு பில்டரை மாற்றியது, மற்றவற்றைப் பார்வையிட்டு ஒரு தாளில் டிக் அடித்தது. அவ்வளவுதான்.

கூலி என்ற வரியைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பட்டறையில் கடிகாரத்தைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. அந்த நேரத்தை மணிக் கட்டணத்தால் பெருக்குகிறார்கள். மெக்கானிக் பாதி நேரத்தில் முடித்தாலும் பில்லில் ஏறுவது அட்டவணை நேரம்தான். அந்த மணிக் கட்டணமும் மெக்கானிக்கின் பைக்கு அப்படியே போவதில்லை. கண்ணாடிச் சுவர், காபி இயந்திரம், கணினியில் செருகிப் பார்க்கும் கருவி, நம்மை வரவேற்கும் ஆலோசகரின் சம்பளம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதில் தவறு சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நானும் என் வாடிக்கையாளர்களிடம் அப்படித்தான் வாங்குகிறேன்.

ஆயில் வரியில்தான் என் கண் நின்றது. 5 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். காரின் கையேட்டைப் புரட்டினேன். பில்டரோடு சேர்த்து அந்த என்ஜின் கொள்ளும் அளவு 4 லிட்டர்கூட இல்லை. ஆலோசகரிடம் கேட்டேன். இளைஞர், மரியாதையாகவே பேசினார். "கணினியில் அப்படித்தான் வருகிறது, மேடம்" என்றார். "அப்படியானால் மிச்ச எண்ணெய் எங்கே?" என்றேன். அவர்களுக்கு ஆயில் பெரிய பீப்பாயிலிருந்து குழாய் வழியாக வருகிறது; ஊற்றியது போக மிச்சம் என்று ஒரு டப்பா இருக்க வழியில்லை. உள்ளே போய் மேலாளரிடம் பேசிவிட்டு வந்து, அதிகப்படிக்கான தொகையைக் கழித்துக் கொடுத்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. கேட்டதால் கிடைத்தது. கேட்காதவர்களின் எண்ணெய் எங்கே போகிறது என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னதும் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மாமனாரைத்தான் மாமா என்கிறேன். "எண்ணெய் கிடக்கட்டும் அம்மா, பில்டரை மாற்றினார்களா என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள இந்த நாட்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 67ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பழுது பார்க்கவோ பராமரிக்கவோ நாம் ஒப்படைத்த பொருளிலிருந்து கழற்றிய பாகங்களை, நாம் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, அவர்கள் தனியாக எடுத்துவைத்துத் திருப்பித் தர வேண்டும். ஓரளவு சுத்தமான பாத்திரத்தில் போட்டுத் தர வேண்டும் என்பதுகூட அதில் இருக்கிறது. சட்டம் எழுதியவர்களில் யாரோ ஒருவர் எண்ணெய் சொட்டும் பில்டரைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி, காரின் பின்சீட்டைக் கெடுத்துக்கொண்டவராக இருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த வருடம் காரை விடும்போது பழைய பில்டர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். அதற்கு முந்தைய நாள் மாமா என்னிடம் நகப்பூச்சு வாங்கி, காருக்கு அடியில் எட்டி, பில்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டார். எண்பதை நெருங்கும் மனிதர் நகப்பூச்சோடு காருக்கு அடியில் கிடந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை.

மாலையில் அட்டைப் பெட்டிக்குள் பில்டர் வந்தது. அடியில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. காருக்குள்ளும் புதிய பில்டர் பளிச்சென்று இருந்தது. மாமாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கு நிம்மதி. ஏஜென்ட்ஸ் என்றாலே திருட்டு என்று ஊரில் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேலையைச் செய்கிறார்கள். அந்த வேலையோடு வரும் பல சங்கதிகளுக்கும் சேர்த்து வாங்குகிறார்கள். அந்தச் சங்கதிகள் எட்டு வயதுக் காருக்குத் தேவைதானா என்பதுதான் கணக்குப் பார்ப்பவள் கேட்க வேண்டிய கேள்வி.

மாமா அத்தோடு விடவில்லை. பழைய பில்டரின் தகரத்தை வெட்டித் திறந்து, உள்ளே இருந்த மடிப்புத் தாளைப் பிரித்துச் செய்தித்தாள் மேல் விரித்தார். இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் தகரம் வெட்டும் கத்திரியைத்தான் எடுத்தார். கறுத்த தாளின் ஒவ்வொரு மடிப்பையும் பிழிந்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார். தங்க நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்பு தெரிந்தால் உள்ளே பேரிங் தேய்கிறது. காந்தத்தை அருகே கொண்டுபோனால் ஒட்டும் துகள் இரும்பு, ஒட்டாதது அலுமினியமோ செம்புக் கலவையோ. எங்களுடையதில் ஒன்றும் இல்லை. எண்ணெயை இரு விரல்களுக்கு இடையே தேய்த்து முகர்ந்தார். பெட்ரோல் வாடை தூக்கலாக இருந்தால், பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடி என்ஜின் முழுச் சூடு ஏறாமல் எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலக்கிறது என்று அர்த்தம். பாலைக் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்கிறது. என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் வரை யோசிக்க வேண்டும். ஏஜென்ட்ஸின் டிக் அடித்த தாளில் இதில் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

மாமாவின் இந்தக் கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் கடைசியில் ஓர் இந்தியருக்குச் சொந்தமான பஸ் கம்பெனியின் பட்டறையில் கிரீஸ் பூசும் பையனாகச் சேர்ந்தவர். டர்பன் நகரில் அன்று இந்தியர்கள் நடத்திய பஸ்கள் பல. விக்டோரியா தெரு நிலையத்திலிருந்து புறநகர்களுக்குப் போகும். தொழில் பழகி முறையாகச் சான்றிதழ் பெறும் வாசல் அந்தத் தலைமுறைக்கு ஒடுங்கித்தான் இருந்தது. 1922ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் கேட்ட பள்ளிப் படிப்பு, பள்ளிக்கூடமே எட்டாத பிள்ளைகளை வெளியே நிறுத்தியது. பிறகு 1956இல் வந்த வேலை ஒதுக்கீடு, எந்த வேலை எந்த இனத்துக்கு என்று அரசே பிரித்துவைக்க வழி செய்தது. காகிதம் கிடைக்காதவர்கள் கையால் கற்றார்கள். சாட்ஸ்வொர்த்தின் கொல்லைப்புறங்களில் இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் பானெட் திறந்து நிற்கும் கார்கள் அந்தக் காலத்தின் தொடர்ச்சி என்றே நினைக்கிறேன். மாமா எந்தக் காகிதத்தையும் முழுசாக நம்பாததற்கும் இதுதான் காரணம். காகிதத்தை நம்பியே பிழைப்பவள் நான். இருவரும் ஒரே காரைப் பார்த்தால் வாக்குவாதம் வராமல் இருக்குமா?

முதல் வாக்குவாதம், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பதில் வந்தது. மாமாவின் வேதவாக்கு 5,000. என் கையேடு சொல்வது 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. அவர் காலத்து எண்ணெய்க்கு 5,000 சரியாகவே இருந்திருக்கும். கார்புரேட்டர் என்ஜின்கள் பெட்ரோலை அள்ளி ஊற்றின; எண்ணெயில் சேர்க்கும் ரசாயனங்களும் இன்றுபோல் இல்லை. இன்றைய எண்ணெய் வேறு சரக்கு. டப்பாவின் பின்பக்கத்தில் ஏபிஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தர வட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து எஸ் என்றால் பெட்ரோல் என்ஜினுக்கு, சி என்றால் டீசலுக்கு. எஸ் வரிசையில் அடுத்த எழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதிது. 2010இல் எஸ்என் வந்தது, 2020இல் எஸ்பி. பெட்ரோல் காருக்கு எஸ்என் கேட்கும் கையேடு இருந்தால் எஸ்பி ஊற்றலாம். தலைகீழாகச் செய்யக் கூடாது.

5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிறது. முதல் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் சிறுத்தால் ஓட்டம் எளிது. இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. டர்பனில் உறைபனி விழுவதில்லையே, கெட்டியான எண்ணெய் ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கையேட்டில் உள்ள எண்ணை மாற்ற அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். இன்றைய என்ஜின்களின் எண்ணெய் வழிகள் குறுகல். கெட்டியான எண்ணெய் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே ஏறத் தாமதிக்கும். தேய்மானத்தில் கணிசமான பங்கு அந்த நேரத்தில்தான்.

"முழு சின்தெட்டிக்" என்ற சொல்லை வைத்து விலை ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் தொகுதி அடிப்படை எண்ணெயையும் சின்தெட்டிக் என்று விளம்பரம் செய்யலாம் என்று 1999இல் அமெரிக்காவில் ஒரு விளம்பரத் தகராறில் முடிவானது. அன்றிலிருந்து டப்பாவின் முன்பக்க எழுத்து ஏறக்குறைய விளம்பரம்தான். நான் முன்பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்தில் கையேடு கேட்கும் தரக் குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

கிலோமீட்டர் வழக்குக்கு வருகிறேன். கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், குறுந்தூர ஓட்டம், புழுதி, பாரம் இழுப்பது போன்றவை கடினமான பயன்பாடு என்றும், அப்போது இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, நாலு கிலோமீட்டரில் அலுவலகம் சேரும் என் கார் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆகவே 10,000 என்று சமாதானம் ஆனோம். மாமா இன்னும் அதை ஒரு தோல்வியாகத்தான் கருதுகிறார். கறுத்துவிட்டதே, மாற்றிவிடு என்று எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை என்னிடம் நீட்டுவார். எண்ணெயில் கலந்திருக்கும் சலவைப் பொருள் கரியை எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்வதால்தான் கறுக்கிறது. கறுப்பது அது வேலை செய்வதற்கு அடையாளம் என்று நான் விளக்குவேன். கேட்டுக்கொண்டே டிப்ஸ்டிக்கைத் துடைத்து வைத்துவிடுவார்.

இனி வேலை. இதில் உண்மையான ஆபத்து எண்ணெயில் இல்லை, காரின் எடையில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த் 1960களில் குன்றுகளின் மேல் கட்டிய ஊர். வாசல் பாதைகள் பாதிக்கு மேல் சரிவு. அந்தச் சரிவில் ஜாக்கி வைத்துக் காருக்கு அடியில் நுழைபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே அடிவயிறு கலங்கும். உங்கள் வீட்டில் சமதளமான சிமென்ட் தரை இல்லை என்றால் இந்தக் கட்டுரையை இத்துடன் மூடிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுங்கள். எங்கள் வீட்டில் மாமா பல வருடங்களுக்கு முன்பே மண்ணை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய கராஜ் இருக்கிறது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. தூக்கியபின், கையேடு காட்டும் இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளை வைத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, காரைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாமா என்னை உள்ளே விடுவார். அதுவரை டார்ச்சைக்கூடத் தரமாட்டார்.

என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டால் எண்ணெய் இளகி நன்றாக வடியும். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு உடனே திறந்தால் கை வெந்துவிடும். எண்ணெய்த் தொட்டியின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கடைசி இரண்டு சுற்றுக்கு விரலால் கழற்றும்போது, அதை மேல்நோக்கி அழுத்தியபடியே சுற்றி, சட்டென்று பக்கவாட்டில் இழுக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட் சட்டிக்குள் விழும். அதைத் தேடிச் சூடான எண்ணெய்க்குள் கைவிட வேண்டியிருக்கும். முதலில் தடிமனான கறுப்புக் கயிறாகச் சாய்வாகப் பாயும். பிறகு நேராக விழுந்து, மெலிந்து, சொட்டும். அந்தச் சொட்டு நிற்கும்வரை மாமா காத்திருப்பார். பட்டறையில் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள், நாம்தான் காத்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

பில்டரைக் கழற்றியதும், அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும். பழைய வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய பில்டரைப் பொருத்தினால் இரண்டு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, ஓடும் வண்டியில் அழுத்தம் ஏறியதும் எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டிவிடும். வீட்டில் செய்பவர்கள் என்ஜினையே இழக்கும் வழிகளில் இது முக்கியமானது. புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் எண்ணெய் தடவி, கையால் சுற்றி, அது உட்கார்ந்தபின் பில்டரின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் முக்கால் சுற்று, கையாலேயே இறுக்கினால் போதும். டிரெயின் போல்ட்டுக்குப் புதிய வாஷர். இறுக்கத்துக்குக் கையேட்டில் அளவு உண்டு; டார்க் ஸ்பேனரை அந்த அளவுக்கு வைத்து, "டக்" என்றதும் நிறுத்திவிட வேண்டும். எண்ணெய்த் தொட்டி அலுமினியமாக இருந்தால், வீரம் காட்டி இறுக்கும் ஒரு கை மரையைத் தின்றுவிடும். பழுது பார்க்கும் செலவு பல வருட சர்வீஸ் கூலியை விழுங்கிவிடும்.

செலவுக் கணக்கு இது. அதே தரத்தில் 5 லிட்டர் ஆயில், பில்டர், வாஷர் எல்லாம் உதிரிபாகக் கடையில் 800 ராண்டுக்குள். மிச்ச எண்ணெய் என் அலமாரியில். ஏஜென்ட்ஸ் பில்லோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 2,400 ராண்டு மிச்சம் என்று துள்ளத் தோன்றும். துள்ளாதீர்கள். நல்ல ஜாக்கி, ஸ்டாண்டுகள், டார்க் ஸ்பேனர், சட்டி, பில்டர் கழற்றும் கருவி என்று புதிதாக வாங்கினால் முதல் வருட மிச்சம் அதிலேயே கரைந்துவிடும். கொஞ்சம் கைப்பணமும் போகும். எனக்கு மாமாவின் கருவிகள் இருந்தன. கருவிப்பெட்டி உள்ள மாமனார் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சனிக்கிழமை காலை முழுவதும் போகிறது என்பதையும் கணக்கில் சேர்த்தால், மணிக்கு நல்ல கட்டணம் வாங்கும் ஒருவருக்கு இது லாபமே இல்லை என்றுகூட வாதிடலாம். நான் அந்த வாதத்தை எதிர்க்கமாட்டேன். சனிக்கிழமை காலையில் எனக்கு யாரும் கட்டணம் தருவதில்லை என்பது மட்டும் உண்மை.

இப்போது முத்திரைக்கு வருவோம். இந்த நாட்டில் பழைய கார் விளம்பரம் எதை எடுத்தாலும் "முழு சர்வீஸ் வரலாறு" என்ற சொற்றொடர் இருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் ஏஜென்ட்ஸ் முத்திரை வரிசையாக விழுந்திருந்தால் விலை கூடும். இடையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் வாங்க வருபவர் அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் பேரம் பேசுவார். நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த முத்திரைக்குத்தான். மூன்று நான்கு வருடக் காரை விற்க நினைப்பவருக்கு அது நியாயமான செலவு. என் காரை நான் விற்பதாக இல்லை. விற்றாலும் எட்டு வயதுக் காருக்கு முத்திரை கூட்டித்தரும் விலை, வருடா வருடம் முத்திரைக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவு. இருந்தாலும் தொழில் புத்தி போகாது. ஆயில் ரசீது, பில்டர் ரசீது, கிலோமீட்டர் காட்டும் படம், தேதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். மாமாவுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு.

உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கார்களின் கதை வேறு. உத்தரவாதம் இருக்கும்வரை ஏஜென்ட்ஸைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று முன்பு சொல்லிவந்தார்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான போட்டி ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபிறகு, உத்தரவாதம் உள்ள காரையும் நமக்குப் பிடித்த தனியார் பட்டறையில் சர்வீஸ் செய்துகொள்ளலாம். அதற்காக மட்டும் உத்தரவாதத்தை ரத்து செய்யக் கூடாது. அந்தப் பட்டறையின் வேலையாலேயே சேதம் ஏற்பட்டால் அந்தச் சேதத்துக்கு உற்பத்தியாளர் பொறுப்பேற்க மாட்டார். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நானே வீட்டில் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அந்த நெறிகள் பேசுவது சேவை தரும் பட்டறைகளைப் பற்றி. கராஜ் தரையில் படுத்திருக்கும் என்னையும் மாமாவையும் மனதில் வைத்து அவை எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. என்ஜின் மடங்கினால் வழக்கில் நம் கை இளைத்துத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. பட்டறையில் செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் நுகர்வோர் சட்டத்தின் 57ஆம் பிரிவு குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. மாமா செய்த வேலைக்கு மாமாதான் உத்தரவாதம்.

ஏஜென்ட்ஸும் அல்லாமல் வீடும் அல்லாமல், மோட்டார் வணிகச் சங்கத்தில் பதிவுபெற்ற தனியார் பட்டறை என்ற நடுவழி இருக்கிறது. கராஜ் இல்லாத நண்பர்களிடம் அதைத்தான் சொல்கிறேன். மரத்தடி மெக்கானிக்கிடம் போவதாக இருந்தால் ஆயிலையும் பில்டரையும் நீங்களே வாங்கிக்கொண்டு போய் அருகில் நில்லுங்கள். வேறு என்ன சொல்ல?

பழைய எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் மாமாவைவிட என் மனசாட்சிதான் அதிகம் திட்டும். எங்கள் ஊருக்கு வடக்கே உம்லத்துசானா ஆறு, தெற்கே உம்லாஸ் ஆறு. தெருவோர மழைநீர்க் கால்வாயில் எதை ஊற்றினாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. நேராக ஆற்றுக்குப் போய், அங்கிருந்து கடலுக்குப் போகும். அந்தக் காலத்தில் எல்லோரும் வேலியோரம் ஊற்றினார்கள், களை முளைக்காது என்று ஒரு பெருமை வேறு. எண்ணெய் நாற்றம் என்றால் என்னவென்று பக்கத்து மீர்பேங்க் மக்களைக் கேட்க வேண்டும். வென்ட்வர்த் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நிழலில் தலைமுறைகளாக இருந்தவர்கள். 1994இல் தொடங்கிய ரோஸ் அறக்கட்டளை, பழைய எண்ணெயைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவதை ஒழுங்குபடுத்திவருகிறது. நகராட்சியின் கழிவு சேகரிப்பு மையங்கள் பலவற்றில் அதற்கான தொட்டி இருக்கிறது. புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி எடுத்துப் போகிறோம். ஒரே நிபந்தனை, அதில் தண்ணீரோ பெட்ரோலோ பிரேக் ஆயிலோ கூலன்டோ கலக்கக் கூடாது. கலந்தால் தொட்டி முழுவதும் கெடும். பில்டரைக் கவிழ்த்துவைத்து இரவு முழுவதும் வடியவிட்டுத்தான் தூக்கிப்போடுகிறோம். பில்லில் "கழிவு அகற்றல்" என்று ஒரு வரி இருந்தது நினைவிருக்கிறதல்லவா? மற்ற வரிகளைவிட அந்த வரிக்கு நான் குறைவாகவே முணுமுணுக்கிறேன்.

என் கார் இனி ஏஜென்ட்ஸிடம் போகாது என்றும் சொல்லிவிட முடியாது. பாதுகாப்புக் குறை காரணமாக உற்பத்தியாளர் திரும்ப அழைத்தால் அங்கேதான் போக வேண்டும். அந்த வேலைக்குக் காசு வாங்கக் கூடாது; காரை எங்கே சர்வீஸ் செய்தோம் என்று கேட்கவும் முடியாது.

கணவரின் கார் புதிது. வாங்கும்போது விற்பனையாளர் சர்வீஸ் திட்டத்தைக் கார் விலைக்குள் கரைத்துத்தான் சொன்னார். அதே 2021 நெறிகளின்படி திட்டத்தின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று நான் நினைவூட்டியதும் பிரித்துக் காட்டினார். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். திட்டத்தில் குறிப்பிட்ட சர்வீஸ்களுக்கு அந்த விலை ஒத்துப்போனது. பிரேக் கட்டை, கிளட்ச் தேய்மானம் எல்லாம் அதில் சேராது, அவற்றுக்குப் பராமரிப்புத் திட்டம் என்று வேறு ஒன்று இருக்கிறது. சர்வீஸ் திட்டத்தை மட்டும் வாங்கினோம். மாமா அந்தக் காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பில்டர் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இதையும் நாமே செய்துவிடலாம் அம்மா" என்றார். திட்டத்தின் கடைசி கிலோமீட்டர் வரை அது ஏஜென்ட்ஸிடம்தான் போகும் என்று சொல்லிவிட்டேன். முன்பணமாகக் கட்டியதை விட்டுக்கொடுக்கிற வழக்கம் எனக்கு இல்லை. பழைய பில்டரை மட்டும் கேட்டு வாங்கி வருவேன். அதை வெட்டிப் பார்க்கும் வேலை அவருக்கு.